பாஸ்புக்கில் யாருடைய நம்பர்?

(கவரைப்பேட்டையில் நடந்த கூட்டமைப்புப் பொதுக்குழுவில் நிர்வாகிகள் சார்பில் பேசியது)



இன்னைக்கு போனைப் பத்தியும் காசைப் பத்தியும் பேசலாம்னு வந்திருக்கோம். எல்லாம் தெரிஞ்சவங்க மாதிரி பேசப் போறதில்லை. ரெண்டும் தினமும் நம்ம கையில இருக்கிற பொருள், அதனால நமக்கும் ஒரு கருத்து இருக்கும் இல்லையா?

ஒரு ரூபாய் காயின் போனுக்காகக் கடை வாசலில் வரிசையில் நின்றது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். "நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்" என்று கேட்டு முடிப்பதற்குள் ரூபாய் தீர்ந்துவிடும். இன்றைக்குக் காலை ஷிப்டுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட் போகிற வேனில் ஏறிப் பாருங்கள். யார் கையில் போன் இல்லை? நாங்கள் போனுக்கு எதிரி இல்லை. 2024 அக்டோபர் 11 ராத்திரி நம்ம ஸ்டேஷன் பக்கத்தில் பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதினதே, அன்றைக்கு போன் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தோம்.

ஆனால் ஒரு விஷயம் எங்களை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நம்ம உறுப்பினர் ஒருவர் தள்ளுவண்டியில் பூ விற்கிறார். வண்டியில் ஸ்கேன் பண்ணும் அட்டை தொங்குகிறது, பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர் பெட்டி. யாராவது இருபது ரூபாய் போட்டால் பெட்டி சத்தமாகச் சொல்லும். நாங்களும் பெருமையாகத்தான் பார்த்தோம். ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டோம், "இந்தப் பணம் எந்த பேங்க்ல சேருதுக்கா?" அவர் சொன்னார், "அது வீட்டுக்காரர் கணக்கு. சாயங்காலம் அவர்கிட்ட கேட்டுத்தான் அடுத்த நாள் பூ எடுக்கக் காசு வாங்குவேன்." பாருங்கள், பெட்டி கத்துவது அவர் காதில், காசு விழுவது வேறு பாக்கெட்டில். சில்லறையாக விற்ற காலத்தில் அந்தக் காசு அவர் சுருக்குப் பையில்தான் இருந்தது.

அதற்காக, ரொக்கமாக இருந்த காலம் பொற்காலம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்களே, மறுநாள் எத்தனை வீட்டில் அரிசிப் பானையிலிருந்தும் புடவை மடிப்பிலிருந்தும் நோட்டு வெளியே வந்தது? பத்து வருஷம் யாருக்கும் தெரியாமல் சேர்த்த பணத்தை வீட்டுக்காரர் கையில் கொடுத்து "மாத்திட்டு வாங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று. போன பணம் முழுசாகத் திரும்பி வந்ததா என்று நாங்கள் கேட்கப் போவதில்லை. சிரிப்பிலேயே பதில் தெரிகிறது. ஒளித்து வைத்த பணத்துக்கும் பாதுகாப்பு இல்லை. வங்கிக் கணக்குதான் சரி. ஆனால் அந்தக் கணக்கு நிஜமாகவே நம்முடையதாக இருக்க வேண்டும்.

இப்போது இன்னொரு சகோதரி கதை. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறோம், பேர் வேண்டாம். காண்ட்ராக்டில் கம்பெனி துப்புரவு வேலை. சம்பளம் கணக்கில் விழுகிறது. கணக்கு அவர் பேரில், கையெழுத்தும் அவருடையது. அடகில் இருந்த கம்மலை மீட்க 18,000 ரூபாய் சேர்த்திருந்தார். ஒரு நாள் வங்கிக்குப் போனால் 640 ரூபாய்தான் இருக்கிறது. "பேங்க்லயே திருடிட்டாங்கக்கா" என்று அழுதுகொண்டு வந்தார். நாங்களும் கோபத்தோடுதான் கூடப் போனோம். வங்கியில் கணக்கு விவரத்தை அச்செடுத்துக் கொடுத்தார்கள். எட்டு மாதமாக 200, 300, 500 என்று போயிருக்கிறது. போனில் காசு கட்டி விளையாடும் ஆட்டம். விளையாடியது பதினெட்டு வயசு மகன். கணக்கில் பதிவாகியிருந்தது அவன் நம்பர், அம்மாவின் ஏ.டி.எம். கார்டை வைத்து பின் நம்பர் போட்டதும் அவன்தான். பணம் போன ஒவ்வொரு முறையும் குறுஞ்செய்தி வந்திருக்கிறது, ஆனால் அவன் போனுக்கு. அந்த மாதம் அவர் கட்ட வேண்டிய உள்கடன் தவணையைக் குழுவே கட்டியது. இப்படிக் காசு வைத்து ஆடும் ஆட்டங்களுக்குத் தடை போட்டு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டு வந்தது. சட்டம் வந்தது, அவர் கம்மல் இன்னும் வரவில்லை.

திருடன் வெளியிலிருந்து வந்தால் 1930க்கு உடனே போன் பண்ணுங்கள், பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போடவே வேண்டாம், ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறோம். அது வேண்டியதுதான். ஆனால் நம்பர் வீட்டில் வேறொருவருடையதாக இருந்தால் எந்த 1930க்குப் போன் பண்ணுவது?

1989ல் தருமபுரி மாவட்டத்தில் குழுக்கள் ஆரம்பித்தபோது முதலில் செய்த வேலைகளில் ஒன்று, கைநாட்டு வைத்த பெண்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தது. நம்ம ஊரிலும் அப்படித்தான் ஆரம்பித்தோம். சிலேட்டில் பேர் எழுதிப் பழகின அம்மாக்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். எதற்காக? நம்ம பணத்தை நம்மைக் கேட்காமல் யாரும் எடுக்கக் கூடாது என்பதற்காக. இப்போது கையெழுத்தைப் பாதி நேரம் யாரும் கேட்பதில்லை. போன் நம்பர்தான் கையெழுத்து. அதை மகன்கிட்ட, மருமகன்கிட்ட கொடுத்து வைத்திருக்கிறோம்.

2023 செப்டம்பர் 15ல் மகளிர் உரிமைத் தொகை ஆரம்பித்தபோது பணம் வந்துவிட்டதா என்று எத்தனை பேர் வீட்டு ஆம்பளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம்! பேரே உரிமைத் தொகை.

கென்யா நாட்டில் 2007ல் எம்-பெசா என்று ஒன்று வந்தது. பெசா என்றால் அவர்கள் மொழியில் பணம். நம்ம பைசாவிலிருந்து போன சொல் என்கிறார்கள். டச் போன் இல்லாமல் சாதாரண பட்டன் போனிலேயே பணம் அனுப்பலாம், வைத்துக்கொள்ளலாம். டாவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் அங்கே குடும்பங்களைக் கவனித்து 2016ல் எழுதினார்கள். சுமார் 1,85,000 பெண்கள் வியாபாரத்தை முக்கியத் தொழிலாக மாற்றிக்கொள்ள அது உதவியது என்று கணக்கிட்டார்கள். பணத்தைத் தன் கையில் தனியாக வைத்துக்கொள்ள முடிந்த பெண் துணிந்து கடை போடுகிறாள், எங்களுக்கு அப்படித்தான் புரிகிறது.

நம்ம நாட்டிலும் பட்டன் போனில் ஸ்டார் 99 ஹேஷ் போட்டு இருப்பைப் பார்க்கலாம். ஆனால் வங்கியில் பதிவான நம்பரிலிருந்துதான் முடியும். ஆகவே எப்படிச் சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறோம்.

நம்பரை மாற்றுவது கஷ்டமில்லை. ஆதார், பாஸ்புக்கோடு வங்கிக்குப் போய் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆதாரில் நம்பர் மாற்ற 2025 அக்டோபரிலிருந்து கட்டணம் 75 ரூபாய். சிம்மை உயிரோடு வைத்துக்கொள்வதுதான் பாரம். 2024 ஜூலையில் ரீசார்ஜ் விலையை ஏற்றிவிட்டார்கள். ஆனால் நெட் இல்லாமல் பேசவும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனி ரீசார்ஜ் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்டது. கடையில் நீங்களாகக் கேளுங்கள், அவர்களாகச் சொல்வது அபூர்வம்.

நிஜமான கஷ்டம் வீட்டில்தான். நம்பரை மாற்றுகிறேன் என்றால் "என் மேல சந்தேகமா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பாதிப் பேர் சும்மா இருக்கிறோம். துப்புரவு வேலை பார்க்கும் அந்தச் சகோதரியே மூணு மாதம் தயங்கினார். மகன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று. கடைசியில், "குழுவில கட்டாயம்னு சொல்லிட்டாங்க, மாத்தலேன்னா கடன் கிடையாதாம்" என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து மாற்றினார். நாங்கள் அப்படி ஒரு விதியே போடவில்லை! இருந்தாலும் நல்ல யோசனை. நீங்களும் எங்கள் பேரைச் சொல்லுங்கள். பழியைக் கூட்டமைப்பு மேல் போடுங்கள், நாங்கள் தாங்கிக்கொள்கிறோம்.

இன்னும் ஒன்று, கொஞ்சம் சங்கடமானது. "சந்தாவை ஜிபே பண்ணிட்டேன்க்கா, கூட்டத்துக்கு வரல" என்று வேனிலிருந்தே சொல்வது அதிகமாகிவிட்டது. ஒரு குழுவில் ஆறு மாதம் எல்லோரும் ஊக்குநரின் சொந்தக் கணக்குக்கே அனுப்பினார்கள். வீட்டுக் காசும் குழுக் காசும் கலந்துபோய் தணிக்கையில் 4,000 ரூபாய் இடித்தது. யாரும் எடுக்கவில்லை, இரண்டு தவணை இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. ஆனால் அது தெரிவதற்குள் இரண்டு பேர் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்றாகிவிட்டது. அதனால் போனில் அனுப்புகிறவர்கள் குழுவின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். அனுப்பினாலும் கூட்டத்துக்கு வாருங்கள். பன்னிரண்டு பேர் பார்க்க நோட்டை எண்ணி வைக்கும்போது யார் முகம் வாடியிருக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடும். அதைப் போன் சொல்லாது.

பேச்சு நீண்டுவிட்டது, சாம்பார் வாசனை வருகிறது. பந்தலுக்கு வெளியே இரண்டு மேஜை போட்டிருக்கிறோம். பாஸ்புக் கொண்டு வந்தவர்கள் அங்கே வந்து, கணக்கில் எந்த நம்பர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம், படிவமும் எழுதிக் கொடுப்போம். பூக்கார அக்காவின் படிவம்தான் முதலில்.