வெளிநாட்டூதியமும் வீட்டுக் கணக்கும்

(அரக்கோணத்தில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1856-ஆம் ஆண்டில் இராயபுரத்தினின்று வாலாஜா ரோடுக்கு இருப்புப்பாதை நம்மூர் வழியே அமைந்தது. அதன் பயனாக, காலையிற் சென்னை சென்று உழைத்து, இரவில் தம் இல்லத்திலேயே உண்டு உறங்கும் பேறு நம்மூரார்க்கு வாய்த்துளது. சிங்கப்பூருக்குச் செல்லும் நம் இளைஞர்க்கோ அப்பேறு இல்லை. அவர் அங்கு வாழுமாறு யாது என்பதை இங்கிருப்போர் அறிதல் வேண்டும். அதுவே யாம் இன்று பேசப் புகுந்த பொருள்.

சிங்கப்பூர் தமிழர்க்குப் புதிய ஊரன்று. 1819-இல் இராபிள்ஸ் துரையுடன் அங்குச் சென்ற நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயில் 1827 முதல் விளங்குகின்றது. ஆட்சிமொழிகள் நான்கனுள் தமிழும் ஒன்று. எனவே சென்றவர்க்கு மொழியாலும் வழிபாட்டாலும் குறையில்லை. குறையெல்லாம் செலவினால் வருவதே.

ஏறத்தாழ 730 சதுரக் கிலோமீட்டர் நிலத்தில் 60 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். உணவிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பிறநாடுகளிலிருந்தே வருகின்றது. மோட்டார் வண்டி வாங்குவதற்குப் பத்தாண்டு உரிமைச் சீட்டொன்று முதலிற் பெறவேண்டும். 2023 அக்டோபரில் அச்சீட்டின் விலை மட்டுமே ஓரிலட்சம் வெள்ளிக்கு மேற் சென்றது. ஆகவே நல்ல ஊதியம் பெறுவோரும் இரயிலிலும் பஸ்ஸிலுமே செல்வர். அலுவலகத்தில் உழைப்போர் பலர், பிறர் வீட்டில் ஓரறையை வாடகைக்குக் கொண்டு வாழ்வர். கட்டட வேலைக்குச் சென்றோர் விடுதிகளில் பலர் கூடி ஓரறையில் உறங்குவர். 2020-இல் கொரோனா நோய் அவ்விடுதிகளிலேயே மிகுதியாகப் பரவியதற்கு அந்நெருக்கமே காரணம்.

மகளிரோடு கடல் கடத்தல் வழக்கமன்று என்றார் தொல்காப்பியர். இக்காலத்தில் அதனைத் தடுப்பது ஊதிய அளவே. மாத ஊதியம் 6,000 வெள்ளிக்குக் குறைந்தோர் மனைவி மக்களை உடன்வைத்து வாழ அனுமதி பெறார். அந்நாட்டுச் சேமநிதியும் குடிகளுக்கும் நிரந்தரவாசிகளுக்குமே உரியது. முதுமைக்கென நம்மவர் தாமே சேர்த்தாலன்றி வேறு நிதியில்லை.

இவற்றை அறியாது இங்கு நாம் செய்வது யாது? வெள்ளியை ரூபாயாற் பெருக்கிப் பார்க்கின்றோம்; வாடகையையும் உணவையும் கடன்வட்டியையும் கழிக்க மறக்கின்றோம். காதணி விழாவுக்கும் மாடி கட்டுதற்கும் பணம் கேட்கின்றோம். கேட்டவற்றுக்கெல்லாம் இசைந்தவன், ஈராண்டில் திரும்ப எண்ணியிருந்தும், பத்தாண்டு அங்கேயே தங்க நேர்கின்றது. அவன் மகவு தந்தையைப் படத்திற் கண்டே வளர்கின்றது.

ஆகலின் மூன்று செய்திகளை விண்ணப்பித்துக்கொள்கின்றோம். முதலாவது, முகவர்க்குப் பணம் கொடுக்குமுன், அவர் அரசாங்கத்திற் பதிவு பெற்றவர்தாமா என விசாரித்தல் வேண்டும். வேலை ஒப்பந்தத்தைக் கற்றார் ஒருவரைக்கொண்டு படித்தறிதலும் வேண்டும். அப்பணியைச் சங்கத்திலுள்ள ஆசிரியர்களாகிய யாம் ஊதியமின்றிச் செய்து தருவோம். இரண்டாவது, வரும் பணத்தில் ஒரு பங்கை அனுப்பினவன் பெயரிலேயே முதலில் வங்கியில் இட்டு, எஞ்சியதையே செலவிடல் வேண்டும். மூன்றாவது, அவ்வூர்க் கடிகாரம் நம்மினும் இரண்டரை மணி முந்தியது. நாம் இரவு ஒன்பதுக்கு அழைத்தால் அங்குப் பதினொன்றரை. விடியுமுன் எழவேண்டியவன் உறங்கும் நேரம் அது. மாலையிலேயே அழையுங்கள். பணத்தைப் பற்றிப் பேசுமுன், உண்டனையா, உடம்பு நலமா என்று கேளுங்கள்.

வெளிநாட்டில் மகனோ கணவனோ உள்ள இல்லத்தார் இம்மாத முதல் வரவும் செலவும் ஏட்டில் எழுதி வருவாராக. தாம் உழைத்த பொருள் தம் பெயரில் நிற்பதைக் கண்டு, குறித்த காலத்தில் அவர் மீண்டு வருக என வேண்டி அமைகின்றோம்.