மசாய்ப் பெண்களும் பிரசவ ஆபத்தும்

(சங்கத்தின் மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆப்பிரிக்காவில் கென்யாவின் தெற்கிலும் தான்சானியாவின் வடக்கிலும் மாடு மேய்த்து வாழும் மக்கள் மசாய்கள். 1896 முதல் 1901 வரை இந்தியக் கூலிகளைக் கொண்டுபோய் மொம்பாசாவிலிருந்து வெள்ளைக்காரன் போட்ட ரயில் பாதை அவர்கள் மேய்ச்சல் நிலத்தின் வழியே போயிற்று. பாதை வந்த பிறகு நல்ல நிலம் வெள்ளைக் குடியேறிகளுக்குப் போயிற்று. மசாய்கள் ஒதுக்கித் தள்ளப்பட்டார்கள். அந்த மக்களின் பெண்களைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். கூச்சம் தரும் விஷயம்தான். ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. ஆகவே பொறுத்துக் கேளுங்கள்.

மசாய்களிடையே பெண் பருவமடையும் தறுவாயில், கல்யாணத்துக்கு முன், அவள் பிறப்புறுப்பின் ஒரு பகுதியை அறுத்துவிடுவது வழக்கம். அறுத்தால்தான் அவள் சிறுமி என்ற நிலை நீங்கிப் பெரியவள் ஆகிறாள். கல்யாணத்துக்குத் தகுதி பெறுகிறாள். 2014-இல் கென்யாவில் எடுத்த கணக்கில், 15 முதல் 49 வயது வரையுள்ள மசாய்ப் பெண்களில் நூற்றுக்கு 78 பேர் அறுக்கப்பட்டவர்கள். நாடு முழுவதற்கும் இது 21.

அறுத்த இடம் ஆறித் தழும்பாகிறது. தழும்பு சதையைப் போல இழுபடாது. பிள்ளையின் தலை வரும்போது விரிந்து கொடுக்காமல் கிழிகிறது. ரத்தம் பெருகுகிறது. உலக சுகாதார நிறுவனம் கென்யா உட்பட ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் 28,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பிரசவங்களை ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டது. பிரசவத்தை ஒட்டிக் குழந்தை இறக்கும் ஆபத்து, குறைவாக அறுக்கப்பட்டவர்களிடம் 15 சதவீதமும், அதிகமாக அறுக்கப்பட்டவர்களிடம் 32 சதவீதமும், அறுத்து மூடப்பட்டவர்களிடம் 55 சதவீதமும் கூடுதலாக இருந்தது. மசாய்களிடம் பெரும்பாலும் நடப்பது முதல் இரண்டு வகை.

மசாய்த் தாய் இதை அறியாதவளா? பிரசவம் பொல்லாதது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கர்ப்பிணி கடைசி மாதங்களில் சாப்பாட்டைக் குறைத்துக் கொள்கிறாள். பிள்ளை சிறுத்திருந்தால் சுலபமாகப் பிறக்கும் என்பது நம்பிக்கை. "அதிகம் தின்னாதே, பிள்ளை பெருத்துவிடும்" என்று நம் வீடுகளிலும் கேட்டதில்லையா?

ஆபத்து தெரிகிறது; அதன் காரணம்தான் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அம்மா, அக்காள், மாமியார் என்று பெரும்பாலோர் அறுக்கப்பட்டவர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அறுக்கப்படாதவர்கள் சிலரே. எல்லோருக்கும் கிழிந்தால், கிழிவதுதான் பிரசவம் என்றாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, அறுக்கும் கிழவியே பல இடங்களில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சியும் ஆவாள். அவளை எதிர்த்து யார் கேட்பது?

2011-இல் கென்யா அரசு இந்த வழக்கத்தைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அது தேவையான சட்டம். ஆனால் 2014-இல் கஜியாடோ மாவட்டத்தில் மசாய்ப் பெண்களே அதை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். பல இடங்களில் அறுப்பு ரகசியமாக நடந்தது. காரணம் புரியாதவர்களுக்குச் சட்டம் போலீஸ் தொந்தரவாகத்தான் தெரியும்.

சட்டம் வருவதற்கு வெகு முன்பே வேறு வழியைக் காட்டியவர் ஆக்னஸ் பாரேயியோ என்ற மசாய்ப் பெண்மணி. அவரும் சிறு வயதில் அறுக்கப்பட்டவரே. பெண்ணுறுப்பின் மாதிரி உருவம் ஒன்றை எடுத்துக்கொண்டு நரோக் பகுதியில் ஊர் ஊராக நடந்தார். அறுத்தால் என்ன ஆகும், பிரசவத்தில் ஏன் கிழிகிறது என்று கையில் வைத்துக் காட்டினார். சொன்னவர் அவர்கள் பாஷை பேசும் பெண். அதே தழும்பைச் சுமப்பவர். 2002-இல் அறுப்புக்குப் பயந்து ஓடிவரும் சிறுமிகளுக்காக நரோக்கில் ஒரு புகலிடமும் திறந்தார்.

இப்படிப் பலர் உழைத்ததன் பலன் கணக்கில் தெரிகிறது. கென்யா முழுவதிலும் 1998-இல் நூற்றுக்கு 38 ஆக இருந்தது 2022-இல் 15 ஆகக் குறைந்தது. மசாய்களிடையே வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

தாய்மார்களே, மசாய்ப் பெண்ணைப் பார்த்து "காட்டுமிராண்டி வழக்கம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவது சுலபம். அவளும் மகளுக்கு நல்லது செய்வதாக நினைத்தே செய்கிறாள். நம் வீட்டிலும் பிரசவத்தில் ஒரு பெண் போய்விட்டால் "அவள் விதி" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இனி அப்படி முடிக்காதீர்கள். என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று என்று நர்ஸம்மாவிடம் கேளுங்கள். கேட்டதை மகளுக்கும் மருமகளுக்கும் சொல்லுங்கள்.