முடிந்த கதையும் முடியாத வழக்கும்



கதையை எழுதி முடிப்பவர் ஆசிரியர். அது முடிந்துவிட்டதென்று ஏற்க மறுப்பவர் வாசகர். இவ்விருவருக்கும் இடையிலான வழக்கு, தொடர்கதை தோன்றிய நாள்முதல் நடந்து வருவது. திண்டுக்கல் சமவெளிக்கும் தொடர்கதைக்கும் பழைய உறவு உண்டு. வத்தலக்குண்டில் 1872இல் பிறந்த பி. ஆர். ராஜமய்யர், ‘கமலாம்பாள் சரித்திர’த்தை 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’யில் தொடராகவே எழுதினார்.

மேனாட்டிலும் இவ்வழக்கு உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் அறுபது. அவற்றுள் ஒன்றில் வாட்சனின் போர்க்காயம் தோளில் இருக்கிறது. மற்றொன்றில் காலில் இருக்கிறது. அதற்குச் சமாதானம் தேடியே அன்பர்கள் கட்டுரைகள் எழுதிக் குவித்தனர். ‘ஸ்டார் வார்ஸ்’ என்னும் விண்வெளிக் கதைவரிசையில், பல்லாண்டுகளாக வெளிவந்த துணைநாவல்கள் மூலக்கதையைச் சேர்ந்தவை அல்ல என்று உரிமையாளர்கள் 2014இல் அறிவித்தனர். அவற்றைப் படித்து வளர்ந்தவர்கள் கொதித்தெழுந்தனர்.

தமிழருக்கு இது புதிதன்று. பாடபேதம், இடைச்செருகல், மிகைப்பாடல் என்னும் சொற்கள் நம் பதிப்பாசிரியர்களிடம் வழங்குபவை. கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப்பாடல்களைத் தனியே பிரித்து அச்சிடும் மரபு இன்றும் உள்ளது. எது மூலம், எது சேர்க்கை என்னும் கேள்வி இங்கே புலவர் அவையில் எழுந்தது. இன்று அது வாசகர் அவைக்கு வந்திருக்கிறது.

அவ்வாறு வந்த வழக்குகளில் பெரியது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ பற்றியது. தம் கதைகளுக்கிடையே தொடர்ச்சி பேணுவதில் கல்கி கருத்துடையவர். காலத்தால் பிந்திய நிகழ்ச்சிகளைக் கூறும் ‘பார்த்திபன் கனவை’ முதலில் எழுதினார். முந்திய நிகழ்ச்சிகளைக் கூறும் ‘சிவகாமியின் சபத’த்தைப் பின்னர் எழுதினார். முன்னதில் ஒற்றைக்கையனாய் வரும் கபால பைரவர் கையிழந்த கதையைப் பின்னதில் அமைத்துத் தைத்தார். அத்தகையவர், 1950இல் தொடங்கி 1954இல் முடித்த ‘பொன்னியின் செல்வ’னில் ஒரு முடிச்சை மட்டும் அவிழ்க்காமல் விட்டார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? மணிமேகலை தானே கொன்றதாகக் கூறுகிறாள். பெரிய பழுவேட்டரையரும் பழியைத் தம்மேல் ஏற்கிறார். கதை திடீரென முடிந்ததாக வாசகர்கள் குறைகூறவே, கல்கி முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பிற்கால வாழ்வை உரைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 5இல் அவர் மறைந்தார். கேட்கப்பட வேண்டியவர் இல்லாத வழக்காயிற்று.

பின்னர் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் கதையைத் தொடர்ந்தார். 2022இலும் 2023இலும் மணிரத்னம் இயக்கிய திரைப்படங்கள் வந்தன. நாவலில் சேந்தன் அமுதனே உண்மையான உத்தம சோழன். படத்தில் மதுராந்தகனே முடிசூடுகிறான். மணிமேகலை இல்லவே இல்லை. மூலத்தைச் சிதைத்தார் என்றனர் ஒரு சாரார். கல்கியின் ஆள்மாறாட்டத்தைக் கைவிட்டதால் படம் வரலாற்றை நெருங்கியது என்றனர் மற்றொரு சாரார்.

வரலாறு எங்கே இருக்கிறது? காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சுட்டிக் கூறுகிறது. பின்னணியில் உத்தம சோழன் இருந்திருக்கலாம் என்று ஐயுற்றார் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, அதை மறுத்தார் சதாசிவ பண்டாரத்தார். நந்தினியோ எக்கல்வெட்டிலும் இல்லை. அவள் கல்கி பெற்ற மகள்.

திண்டுக்கல்லில் நின்று இவ்வழக்கைக் கேட்பவருக்கு இன்னொன்றும் புலப்பட வேண்டும். இது பாண்டிய மண். கல்வெட்டு கரிகாலனைப் ‘பாண்டியன் தலைகொண்ட’வன் என்கிறது. அத்தலைக்குரிய வீரபாண்டியனோ தன் கல்வெட்டுகளில் ‘சோழன் தலைகொண்ட’வன் எனப்பட்டவன். நாவலில் சதிகாரராய் வரும் ஆபத்துதவிகள், தம் மன்னனுக்கு இறுதிவரை உண்மையாய் நின்றவர்கள் அல்லரா? காவிரிக் கரையில் துரோகம் எனப்பட்டது வையைக் கரையில் விசுவாசம் எனப்பட்டிருக்கக்கூடும். அந்தக் கதையைச் சொல்லப் பாண்டிய மண்ணில் ஒரு கல்கி தோன்றவில்லை.

ஆகவே, எது மெய்யான கதை என்னும் கேள்விக்கு ஒரே விடை பொருந்தாது. நாவலுக்குக் கல்கியின் எழுத்தே பிரமாணம். அதில் ஒரு சொல்லையும் பிறர் மாற்றலாகாது. வரலாற்றுக்குக் கல்லே பிரமாணம். நந்தினியை வரலாற்றுப் பெண்ணென்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது கல்கிக்கும் செய்யும் பிழை, கல்லுக்கும் செய்யும் பிழை. இவ்விரண்டுக்கும் வெளியே, இது என் கற்பனை என்று நேர்மையாகச் சொல்லிக்கொண்டு வரும் புதிய படைப்புக்கு எவரும் தடைவிதிக்க இயலாது.

வாசகர் வழக்காடுவது கதையின்மேல் கொண்ட பற்றினால். பற்றற்ற கதைக்கு வழக்கில்லை. தலையிழந்த பாண்டியனின் பக்கம் இன்னும் பாடப்படாமல் கிடக்கிறது. அதைப் பாடுவதற்கு, மலைக்கோட்டை நிழலில் கூடியிருக்கும் கவிஞர்களைவிட உரியவர் எவர்?