கேள்விக்குறியாகும் தமிழ்



ஓலைச்சுவடியில் ஓரிடம் சிதைந்திருப்பின், பதிப்பாசிரியர் முதலில் அது எவ்வாறு சிதைந்தது என்றே வினவுவார். செல்லரித்ததா, ஏடெழுதியவர் பிறழ எழுதினாரா, மெய்க்குப் புள்ளி இடாமையால் நேர்ந்த மயக்கமா எனப் பிரித்தறிந்த பின்னரே திருத்தத்தில் கை வைப்பார். கணினித் திரையில் தமிழ் மின்னஞ்சல் சிதைந்து வரும்பொழுது அந்தப் பொறுமை பலருக்கு இருப்பதில்லை. "தமிழ் வரவில்லை, ஆங்கிலத்தில் அனுப்புங்கள்" என்னும் மறுமொழி உடனே புறப்பட்டுவிடுகிறது. மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் உள்ள ஒரு தெரிவு, இரண்டு தமிழாசிரியர்களைத் தங்களுக்குள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளச் செய்துவிடுகிறது. இன்று நாம் பேச வந்தது அந்தத் தெரிவைப் பற்றித்தான்.

சிதைவுகள் ஒரே வகையின அல்ல. வெறுங் கட்டங்கள் தோன்றினால் அஞ்ச வேண்டியதில்லை. எழுத்து வந்து சேர்ந்துவிட்டது, அதனைக் காட்டும் எழுத்துரு மட்டும் அக்கணினியில் இல்லை. தலையில் சாய்கோடு தாங்கிய சிறிய ஆங்கில 'ஏ'யும், வட்டத்துள் அடைபட்ட 'ஆர்' எழுத்தும் இணைந்து மீண்டும் மீண்டும் வருவதைப் பலர் கண்டிருப்பீர்கள். அதுவும் அழிவன்று. ஒருங்குறியின் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. அவற்றுள் முதலாவது எப்பொழுதும் ஒன்றே; இரண்டாவதாக வரத்தக்கவை இரண்டே. பெறும் மென்பொருள் அம்மூன்றையும் தனித்தனி மேற்கு ஐரோப்பிய எழுத்துகள் எனக் கொண்டு படிப்பதாலேயே அந்த இணை இடைவிடாது தோன்றுகிறது. குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என மாற்றியவுடன் தமிழ் பெரும்பாலும் மீண்டுவிடும்.

உண்மையில் அஞ்சவேண்டியது சாதாரணக் கேள்விக்குறிக்குத்தான். அனுப்பும் மென்பொருள் தமிழுக்கு இடமில்லாத ஒரு குறியாக்கத்தில் மடலை எழுத முற்பட்டு, இடம் கிடைக்காத குறிக்கெல்லாம் ஒரு கேள்விக்குறியை வைத்துவிடுகிறது. அந்தப் படியில் தமிழ் இல்லை. பெற்றவர் எந்த அமைப்பை மாற்றினும் பயனில்லை. 'தமிழ்' என்னும் சொல் இவ்வாறு மாறுமாயின் ஐந்து கேள்விக்குறிகள் வரும். நம் இலக்கணப்படி அதில் எழுத்து மூன்றே. கணினியோ இகரக் குறியையும் புள்ளியையும் தனியே எண்ணுகிறது. மாணவர்கள் வகுப்பில் எண்ணிப் பார்க்கலாம்.

இத்தனைக்கும் வேர் பழையது. 1982இல் வகுக்கப்பட்ட அஞ்சல் பரிமாற்ற நெறி ஏழு பிட்டுகளை, அதாவது 128 குறிகளை மட்டுமே கருத்தில் கொண்டது. ஆங்கிலத்திற்கு அது போதும். 1992இல் வந்த மைம் நெறிதான், இம்மடல் இன்ன குறியாக்கத்தில் உள்ளது என்று தலைப்பகுதியில் அறிவிக்க வழி செய்தது. தலைப்பு வரிக்கு அப்பொழுதும் இடம் தாராளமாகக் கிடைக்கவில்லை. ஆங்கிலம் அல்லாத தலைப்பு 75 எழுத்துகளுக்கு மேற்படாத துண்டுகளாக மாற்றி எழுதப்பட வேண்டும். வழக்கமான முறையில் கணக்கிட்டால் ஒரு துண்டில் 15 தமிழ்க் குறிகளுக்கு மேல் அடங்கா. 'பாடத்திட்டக் கலந்துரையாடல்' என்று எழுதினாலே துண்டாக்க வேண்டியதுதான். ஒரு குறியின் மூன்று பைட்டுகளுக்கு நடுவே வெட்டக்கூடாது என்பது விதி. விதியை மதியாத மென்பொருள் வெட்டினால், மடல் நலமாக இருக்க, தலைப்பில் மட்டும் ஓர் எழுத்து உயிரிழந்திருக்கும்.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று. ஆங்கில மடல்களில் வாக்கியத்தின் இறுதியில் காரணமின்றி ஒரு 'ஜே' நின்றதைக் கண்டு வியந்தவர்கள் உண்டு. அவுட்லுக் மென்பொருள் சிரிப்புக் குறியை விங்டிங்ஸ் எழுத்துருவின் 'ஜே' இடத்திலிருந்து எடுத்து வைத்து வந்தது; அவ்வெழுத்துருவைப் பொருட்படுத்தாத மென்பொருளில் சிரிப்பு மறைந்து 'ஜே' எஞ்சியது. வடிவம் வேறு, எழுத்து வேறு என்று மாணவர்க்கு விளக்க இதைவிட எளிய சான்று நமக்குக் கிட்டவில்லை.

நம் பழைய தமிழ் மடல்களும் அந்த 'ஜே' போன்றவையே. 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிய காலத்தில் குறியாக்கங்கள் பல இருந்தன. 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்பன வந்தன. திஸ்கியும் இணையத் தமிழரிடையே பரவியது. திஸ்கி மடலைப் படிக்கக் குறியாக்கப் பட்டியலில் 'பயனர் வரையறுத்தது' என்பதைத் தெரிந்து, அதற்குத் திஸ்கி எழுத்துருவைப் பொருத்த வேண்டும். வேலை தொல்லையானதுதான்; ஆயினும் முடிவு படிப்பவர் கையில் இருந்தது. அண்மைக்கால மென்பொருள்கள் சில அப்பட்டியலையே நீக்கிவிட்டுச் 'சரிசெய்' என்று ஒற்றைக் கட்டளையை வைத்திருக்கின்றன. ஊகம் தவறினால் மேற்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை. எளிமை என்று இதனைப் பாராட்டுகிறார்கள். பெருமொழிகளுக்கு எளிமைதான், திஸ்கி போன்றவற்றுக்குக் கதவடைப்பு என்பதே நம் கருத்து.

அனுப்புவோர் செய்ய வேண்டியது சிறிது. வெளிச்செல்லும் மடலின் குறியாக்கம் யுடிஎஃப்-8 என இருக்கட்டும். அவுட்லுக்கில் அது மேம்பட்ட விருப்பங்களின் கீழ்ப் பன்னாட்டுத் தெரிவுகளில் உள்ளது. குறியாக்கத்தைத் தானே தெரிந்தெடுக்கும் கட்டத்தின் குறியை எடுத்துவிடுவது நலம்.

பழைய மடல்களை வைத்திருப்போர்க்கு ஒரு வேண்டுகோள். கலைச்சொல் பற்றியும் பாடநூல் பற்றியும் அக்காலத்தில் எழுதிக்கொண்ட மடல்கள் உங்கள் கணினியில் ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தோன்றினால், அவற்றை அழிக்காதீர்கள். திருத்திச் சேமிக்கவோ பிறர்க்கு மேலனுப்பவோ முற்படாதீர்கள். அவ்வாறு செய்யும்பொழுதுதான் மென்பொருள் தன் ஊகத்தை நிலையாக எழுதிவிடக்கூடும். மடலை மூல வடிவிலேயே தனிக்கோப்பாகப் பிரதி எடுத்து வையுங்கள். லினக்ஸ் கணினிகளில் உள்ள ஐகான்வ் என்னும் சிறு நிரல் திஸ்கியை அறியும். மாற்றும் வேலையை எப்பொழுது வேண்டுமானாலும் ஒரு மாணவர் உங்கள் அருகிலிருந்து செய்து தரலாம்.