பத்துமணிப் பூவும் பாழூர் நெருஞ்சியும்



பூச்செடி என்றதும் செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும் மல்லிகைப் பந்தலும்தான் நம் நினைவில் வரும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது தரையைவிட்டு அதிகம் எழாத ஒரு சிறு பூண்டு: பத்துமணிப் பூ. இலை ஊசிபோல் மெலிந்து, சதைப்பிடிப்பாக இருக்கும். படர்ந்துவிட்டால் நிலத்தில் பாசி பிடித்ததுபோல் தோன்றும். வெயில் ஏறச் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக விரியும், பிற்பகலில் சுருங்கிவிடும். மப்பு நாளில் வாயே திறவாது. தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, நம் பருப்புக்கீரைக்குச் சொந்தக்காரி. வியட்நாமியரும் தங்கள் மொழியில் இதைப் பத்துமணிப் பூ என்றே அழைக்கிறார்களாம்!

ஆறில்லாத, கிணற்றை நம்பிய நமது குடாநாட்டுக்கு ஏற்ற செடி. புற்றரை ஆசையால் கோடையில் கிணற்றை வற்ற இறைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். இதற்கோ ஒரு விரல் நீளத் தண்டை ஒடித்து, மணல் கலந்த மண்ணில், நல்ல வெயிலில் ஊன்றினால் போதும். மண் காய்ந்த பின்பே தண்ணீர். அன்பு மிகுந்து தினமும் ஊற்றினால் அழுகிவிடும்.

கோண்டாவிலில் எங்கள் வாசற்படியோரம் அம்மா இதை நட்டிருந்தார். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கு 15 வயது. 1996 வைகாசியில் திரும்பி வந்து படலையைத் திறந்தோம். நாள்தோறும் கூட்டிய முற்றம் அடையாளம் தெரியவில்லை. எங்கும் நெருஞ்சி. அதன் மஞ்சட் பூக்கள் அத்தனையும் காலைச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தன. வெறுங்காலோடு ஓடிய தங்கை நாலாவது அடியில் அழுதுகொண்டு நின்றாள்.

பின்னாளில் பல்கலைக்கழகத்தில் புறநானூற்றின் 155ஆம் பாட்டைப் படித்தபோது அந்த முற்றம் கண்முன் வந்தது. மோசிகீரனார் கொண்கானங்கிழானைப் பாடியது. எழுகின்ற ஞாயிற்றை நெருஞ்சிப் பூ எதிர்கொள்வதுபோல, வறிய புலவரின் உண்கலங்கள் அவன் மார்பை நோக்கி மலர்ந்தன என்கிறார். வெறும் நெருஞ்சி அல்ல, பாழ்பட்ட ஊரின் நெருஞ்சி. மாணவர்கள் அந்த அடைமொழியை எளிதாகத் தாண்டிவிடுவார்கள். நான் விடுவதில்லை. பாழூர் என்றால் விளக்குமாறு படாத ஊர். ஆள் புழங்கும் முற்றத்தில் நெருஞ்சியைப் பூக்கும்வரை யார் விட்டுவைப்பார்? வறுமைக்கு உவமை தேடிய புலவர் பூவோடு அது பூத்த இடத்தையும் பார்த்திருக்கிறார்.

அம்மா அன்றே மண்வெட்டி எடுத்தார். நாங்கள் பின்னால் நின்று பிடுங்கினோம். படியோரம் நெருஞ்சிக்கு நடுவே, உள்ளங்கை அகலத்துக்குப் பத்துமணிப் பூ. பழைய செடி மாரி மழையில் அழுகியிருக்க வேண்டும். தூசிபோன்ற அதன் விதை மண்ணில் கிடந்து முளைத்திருந்தது. பத்து மணி தாண்டியிருக்கும், இரண்டு பூ விரிந்திருந்தன. நெருஞ்சிக் கொடியோடு சேர்த்து அதையும் இழுக்கப் போனேன்.

“அதைத் தொடாதை தம்பி. அது எங்கடை.”

எங்கோ தென்னமெரிக்காவில் பிறந்த செடி எங்களுடையது. சங்கப் பாட்டில் பூத்த நெருஞ்சி களை! அம்மாவின் கணக்கு வேறு.

அன்று மிஞ்சியதிலிருந்து ஒடித்து நட்ட தண்டுகள் இன்று கிணற்றடிவரை படர்ந்திருக்கின்றன. யாராவது கேட்டு வந்தால் அம்மா ஒரு பிடி ஒடித்துக் கொடுப்பார். “தண்ணியை மட்டும் கனக்க விடாதை பிள்ளை” என்பார்.