கொத்துத் தலைவலியும் பிராணவாயுவும்

(நமது சங்கத்தின் திருவண்ணாமலைக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பல்லாண்டுகட்கு முன், கார்த்திகைத் தீபத்தன்று நள்ளிரவில் ஊரார் மலையை வலம் வந்துகொண்டிருக்க, என் தமையனார் இருட்டறையில் ஒரு கண்ணைப் பொத்தியவண்ணம் சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தார். ஆண்டுதோறும் அப்பருவத்தில் சில வாரம், இரவில் ஒரே வேளையில், அந்நோவு வரும். அப்பக்கத்துக் கண் சிவந்து நீர் வடியும். பல்நோவென்று இரண்டு பற்களைப் பிடுங்கினர். பாசாங்கென்று சிலர் பழித்தனர். அவருள் யானும் ஒருவன்.

இவ்வாறு கொத்தாக வந்து மறைவதால் இது கொத்துத் தலைவலி எனப்படும். அமெரிக்க மருத்துவர் ஹார்ட்டன் 1939-இல் இதனை விவரித்தார். பிராணவாயு இதனைத் தணிக்குமென 1952-இல் எழுதினார். 2009-இல் வெளியான இங்கிலாந்து ஆராய்ச்சியொன்றில், நிமிஷத்திற்கு 12 லிட்டர் வீதம் முகமூடி வழியே 15 நிமிஷம் அவ்வாயுவைச் சுவாசித்தபோது, நூற்றுக்கு 78 முறை நோவு நீங்கிற்று, அன்றேல் போதிய அளவு தணிந்தது. வெறுங்காற்றைச் சுவாசித்தபோதோ 20 முறையே.

2021-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் பிராணவாயு சிலிண்டரை அறியாத வீடில்லை. ஆயினும் மருத்துவர் கூறாமல் அதனைக் கையாளலாகாது. நுரையீரல் நோயுடையார்க்குத் தீங்கும் நேரலாம். அருகில் விளக்கோ பீடியோ கூடவே கூடாது.

அன்பர்களே! நும் இல்லத்தில் எவரேனும் இங்ஙனம் துடிப்பின், பழியாது நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சென்ற தீபத்தன்றும் என் தமையனார்க்கு நோவு வந்தது, கால்மணியில் தணிந்தது. பின்னர்த் திண்ணையில் என்னருகே அமர்ந்து மலைச்சுடரைக் கண்டார்.