பற்சக்கரத்துக்கு இடைவெளி எதற்கு?

மணலில் ஏற்றி வைத்த மீன்படகின் பின்புறத்தில் ஒரு மோட்டார் தொங்குவதைக் கடற்கரைக்குச் செல்லும் மாணவர்கள் பார்த்திருப்பீர்கள். அவுட்போர்டு மோட்டார் என்பது அதன் பெயர். 1909 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், நார்வேயில் பிறந்த ஓலே எவின்ரூடு என்பவர் செய்து விற்ற மோட்டாரே இவ்வினத்தை உலகில் பரப்பிற்று. நம் கரையில், 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கண்ணாடியிழைப் படகுகள் பெருகவே, இம்மோட்டாரும் பெருகிற்று.

மேலே முழங்கும் எஞ்சினைப் பற்றி இன்று நான் பேசப் போவதில்லை. நீருக்குள் மூழ்கி, எவர் கண்ணிலும் படாமல் உழைக்கும் கியர்ப் பெட்டியைப் பற்றியே பேச விரும்புகிறேன். எஞ்சின் நின்றால் கயிற்றை மீண்டும் இழுக்கலாம். பிளக்கைக் கழற்றித் துடைக்கலாம். கியர்ப் பெட்டியில் பல் உடைந்தாலோ, எஞ்சின் இரைந்து கொண்டிருக்கும், விசிறி சுழலாது. கரை தெரியாத இடத்தில் படகு நீரோட்டத்தின் வசமாகிவிடும். அப்பெட்டியை மூடித் திருகாணியை முறுக்குகிறவர் கையில் நாலைந்து பேருடைய உயிர் இருக்கிறது.

அதன் அமைப்பு எளிது. எஞ்சினிலிருந்து ஒரு தண்டு செங்குத்தாக இறங்குகிறது. அதன் நுனியில் ஒரு சிறிய பற்சக்கரம். விசிறியின் தண்டு கிடையாகக் கிடக்கிறது. அதன்மேல் முன்னோக்கிச் செல்ல ஒன்றும், பின்னோக்கிச் செல்ல ஒன்றுமாகப் பெரிய பற்சக்கரங்கள். தண்டுகள் ஆடாமல் சுழலத் தாங்கிகள் உண்டு. பட்டறையில் பேரிங் என்பார்கள்.

பல மோட்டார்களில் சிறிய சக்கரத்துக்கு 13 பற்கள், பெரியதற்கு 27. எஞ்சின் நிமிஷத்துக்கு 5,000 முறை சுழன்றால் விசிறி ஏறத்தாழ 2,400 முறை சுழலும். இரண்டுக்கு ஒன்றாக 26 என்று வைத்திருக்கலாகாதா? வைத்தால், சிறியதன் ஒரு பல், பெரியதன் குறிப்பிட்ட இரண்டு பற்களையே மாறி மாறிச் சந்திக்கும். அதில் ஒரு வடு இருந்தால் அவ்விரண்டையே ஓயாமல் இடிக்கும். 13-க்கும் 27-க்கும் ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி இல்லை. ஆகவே ஒவ்வொரு பல்லும் எதிரிலுள்ள 27 பற்களையும் சந்தித்த பின்னரே முதற் பல்லிடம் திரும்புகிறது. தேய்மானம் எல்லாவற்றுக்கும் பங்காகிறது. பொதுக் காரணியைக் கற்பதால் என்ன பயன் என்று கேட்கும் பையனுக்கு இதையே விடையாகச் சொல்லலாம். இவ்வாறு சேர்ந்து தேய்ந்த சோடியில் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றுவது சிக்கனம் போலத் தோன்றும். புதியதும் விரைவில் கெடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இனிப் பொருத்தத்துக்கு வருவோம். பொருத்தம் என்றால் இறுக்கம் என்றே பலர் எண்ணுகின்றனர். பல்லும் பல்லும் இடைவெளியின்றிக் கவ்வினால் அவற்றினிடையே எண்ணெய்ப் படலம் தங்க இடமில்லை. உலோகம் உலோகத்தைச் சுரண்டும். மேலும், பெட்டி அலுமினியம், சக்கரங்கள் எஃகு. வெப்பம் 40 பாகை ஏறினால், 100 மில்லிமீட்டர் நீளமுள்ள அலுமினியம் ஏறத்தாழ 0.09 மில்லிமீட்டர் நீளும், எஃகோ 0.05 மில்லிமீட்டர்தான். குளிர்ந்த நிலையில் இருந்த பொருத்தம் சூட்டில் அப்படியே இராது. இடைவெளி மிகுந்தாலோ, கியர் மாற்றும்போதெல்லாம் பல் பல்லை அறையும். நாளடைவில் பல் தெறிக்கும். வேண்டிய அளவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் சில பங்கே. அதைச் செய்தவர் தந்த கையேட்டில் காண வேண்டும். கண்மதிப்பில் காண இயலாது.

விசிறித் தண்டை அசையாமல் பிடித்து, செங்குத்துத் தண்டை இருபுறமும் மெல்லத் திருப்பினால் ஒரு சிறு தளர்வு கைக்குத் தெரியும். டயல் கேஜின் முள் அதை எண்ணாகச் சொல்லும். குறைந்தாலும் மிகுந்தாலும், ஷிம் எனும் மெல்லிய தகடுகளைச் சேர்த்தோ நீக்கியோ சரிசெய்வர். முதலில் சிறிய சக்கரத்தின் உயரம். அதன் பின்னரே பெரிய சக்கரம். வரிசை மாறினால் செய்த வேலையையே மறுபடி செய்ய நேரும்.

எண் சரியானால் போதாது. பற்களில் நீலச் சாயத்தை மெல்லப் பூசிச் சுழற்றிப் பார்த்தால், எந்த இடம் தொடுகிறது என்பது தெரியும். தடம் பல்லின் நடுவில், சற்றே உள் நுனியை நோக்கி இருக்க வேண்டும். பாரம் ஏறும்போது அது வெளிப்புறம் நகர்ந்து பல் முழுவதும் பரவும். வெறுங்கையில் சுழற்றும்போதே வெளி விளிம்பில் தடம் விழுந்தால், கடலில் அந்த விளிம்பே முழுச் சுமையையும் தாங்கி முறியும்.

தாங்கியைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவது கொடிய வழக்கம். உள்வளையத்தை ஏற்ற வெளிவளையத்தில் அடித்தால், அந்த அடி குண்டுகள் வழியே சென்று ஓடுபாதையில் குழி இடும். பெட்டியைச் சூடாக்கினால் அலுமினியம் விரிந்து, தாங்கி எளிதாக அமரும். கூம்பு உருளைத் தாங்கியாயின் அது எவ்வளவு இறுக்கத்தோடு சுழல்கிறது என்றும் அளக்க வேண்டும். தண்டில் நூலைச் சுற்றி வில்தராசால் சீராக இழுங்கள். காட்டும் விசையைத் தண்டின் ஆரத்தால் பெருக்கினால் திருப்புவிசை கிடைக்கும்.

பழைய தாங்கி ஏன் கெட்டது என்று கேளாமல் புதியதைப் போடலாகாது. வடித்த எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் கடல்நீர் புகுந்திருக்கிறது. எங்கே புகுந்தது? விசிறியைக் கழற்றிப் பாருங்கள். அறுந்த நைலான் நூல் தண்டைச் சுற்றி, ஆயில் சீலின் உதட்டை அறுத்திருப்பதைப் பலமுறை காணலாம். சீலைப் புதுப்பித்து, தண்டில் அது உராயும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் கவனித்து, பெட்டியை மூடி, கையேடு சொல்லும் அளவுக்குச் சிறிது காற்றேற்றித் தொட்டியில் அமிழ்த்த வேண்டும். சைக்கிள் டியூபில் ஓட்டை பார்க்கும் அதே சோதனைதான். குமிழி எழாவிட்டால், காற்றை விடுத்து, கீழ்த் துளை வழியே எண்ணெயை ஏற்றி, மேல் துளையில் வழியும் வரை நிரப்பலாம். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்றுத் தங்கிவிடும்.